இடது பக்கம் குத்திய மெடல்

குடியரசு தினத்தன்று காலை உங்களில் பலர் டிவி முன்னால் உட்கார்ந்து டெல்லி அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். நான் மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன மைதானத்தில், மைசூர்க் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கூட்டிப் போனவர் என் பக்கத்து வீட்டுப் பழனிசாமி. ஹனூர்க்காரர், ரிட்டயர்டு சுபேதார். எங்கள் பகுதியில் இருக்கும் மாஜி ராணுவத்தினர் வருடாவருடம் அங்கே கொடியேற்றுகிறார்கள். ஏற்பாடெல்லாம் அவருடையதுதான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தான் வாங்கிய மெடலை இடது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். இறந்துபோன கணவரோ மகனோ வாங்கியது என்றால், வீட்டிலிருப்பவர்கள் வலது பக்கம் குத்திக்கொள்ளலாம். ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பெண்கள் வலது பக்கம் மெடலோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண்மணி வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். பச்சைப் புடவை, இறுக்கி முடிந்த கொண்டை... முந்தானையில், இடது தோளுக்குக் கீழே, ஒரு மெடல்.

பழனிசாமி சும்மாவே சத்தம் போடுகிற மனிதர். தெருக்குழாயடியில் வரிசை கோணினால்கூட அவருக்குப் பொறுக்காது. அன்று மெதுவாகத்தான் போய்ச் சொன்னார்.

"அம்மணி, வூட்டுக்காரர் மெடலுன்னா வலது பக்கம் குத்தோணும். நீங்க அங்க சேர்ல போயி உக்காருங்க."

"என்னோடதுதானுங்க, சாப்."

குரல் கனமாக இருந்தது. 'சாப்' - சிப்பாய்கள் சுபேதாரைக் கூப்பிடுகிற சொல். பழனிசாமிக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் நேரமானது. வரிசையில் யாரோ கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார்கள். அரவாணி என்று இப்போது சிலர் மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே சொல்லப்பட்டது அந்தச் சொல் இல்லை.

"நம்பர், ரேங்க், பேரு" என்றார் பழனிசாமி.

அந்தப் பெண்மணி குதிகால்களைச் சேர்த்து விறைத்து நின்றார். நம்பர் தடங்கலில்லாமல் வந்தது. ஹவில்தார் என்பதும் வந்தது. பெயருக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"ரத்னா, சாப்."

இரண்டு பேர் வரிசையிலிருந்து வெளியே வந்தார்கள். இவர் நின்றால் தாங்கள் நிற்க முடியாதாம்.

"போறவங்க போலாம். அவங்க நிக்கறாங்க" என்றார் பழனிசாமி.

பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவருடைய காலர், அவருடைய பெல்ட்... கை தானாகவே போய்ச் சரிசெய்தது. ரத்னாவின் மெடல் சாய்ந்திருந்தது. அதற்கும் கை நீண்டது. பாதியில் நின்றது. திரும்பி வந்துவிட்டது.

"மெடல் சாஞ்சிருக்குதுங்க, அம்மணி. நேராக்கிக்கங்க."

சிப்பாய்க்கு உரிய கண்டிப்பு, பெண்ணுக்கு உரிய மரியாதை - இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க முடியும் என்று அவர் அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கொடி ஏறியது. ரத்னாவின் சல்யூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் உப்பிட்டு என்கிற உப்புமாவும் டீயும். ஏன் பட்டாளத்தை விட்டீர்கள் என்று ரத்னாவிடம் கேட்டேன்.

"யாரும் தொரத்தலீங்க. நானேதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மலை மேல ஒரே கூடாரத்துல எல்லாரும் படுத்திருப்போம். தூக்கத்துல ஏதாச்சும் உளறிப்போடுவனோன்னு எனக்குத் தூக்கமே வராது. குண்டுக்குப் பயந்ததில்லீங்க. இதுக்குத்தான் பயந்தேன். இன்னாருன்னு சொல்லிப்போட்டு வேலை பாக்க விட்டிருந்தா, இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்."

ரத்னா போன்றவர்களை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டால் கட்டுப்பாடு கெட்டுவிடும், கூட இருப்பவர்களுக்குச் சங்கடம் என்பார்கள். பெண்களைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது பெண்களை ஆபீசர்களாக எடுக்கிறார்களே... ஏதாவது இடிந்து விழுந்துவிட்டதா? ரத்னா அந்தக் கூடாரத்தில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். காவல் காத்திருக்கிறார், மெடல் வாங்கியிருக்கிறார். கெட்டுப்போனது அவருடைய தூக்கம் மட்டும்தான்.

வீடு திரும்பும்போது பழனிசாமியிடம் கேட்டேன். "நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப, உங்க ஆளு ஒருத்தர் வந்து இப்படிச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நடந்துகொண்டே சொன்னார்.

"வூட்டுக்கு அனுப்பியிருப்பேன் சார். நல்ல சோல்ஜர்னு எழுதித்தான் அனுப்பியிருப்பேன். ஆனா அனுப்பியிருப்பேன்."

பொய் சொல்லாத மனிதர். அதனாலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கேட் பக்கத்தில் நின்று தன் மெடல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் யாரையும் பாத்த ஒடனே வலது பக்கம் குத்துன்னு சொல்ல மாட்டேன் சார். இது யாரோடதுங்க அம்மணின்னு மொதல்ல கேப்பேன்."

சுபேதார் கேட்பதாகச் சொல்லிவிட்டார். பட்டாளம் எப்போது கேட்கும்?