மூடினால் நிற்கும் எஞ்சின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தியெல்லாம் சென்னைக் கப்பலில்தான் வந்தது. கப்பல் நடு ஆற்றில் நிற்கும்போதே ஏறி, சென்னைப் பத்திரிகைக் கட்டை வாங்கிவருபவர் அன்று மாலையே அச்சேற்றிவிடலாம். போட்டிப் பத்திரிகைக்காரர் துடுப்புச் சம்பான் படகில் போவார். அவரை முந்துவதற்காக எங்கள் முதலாளி பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினார்.

அதன் பெட்ரோல் எஞ்சினின் பூர்வீகத்தை விசாரித்தேன். முதலாளி இங்கிலாந்து என்றார். படகை ஓட்டிய ஃபிட்டர் அமெரிக்கா என்றார். ஊர்ப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை யாரோ கழற்றியிருந்தார்கள். ஃபிட்டர் சொன்னதே சரி என்று பிறகு ஒரு பழைய சரக்குப் பட்டியலில் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மீனவர்களுக்காக இத்தகைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களை ஏராளமாகச் செய்தார்களாம். வால்வு கிடையாது. கனத்த சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் போதும். கெட்டுப்போக இதில் ஒன்றுமில்லை என்றது பட்டியல். அதை எழுதியவர் எங்கள் ஃபிட்டரைச் சந்தித்ததில்லை.

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை கப்பல் வந்தது. லான்மடாவ் துறையிலிருந்து புறப்பட்டோம். சிறிது தூரத்தில் எஞ்சின் நின்றது. ஃபிட்டர் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தார், "இருக்கு" என்றார், மூடினார், சக்கரத்தைச் சுழற்றினார். ஓடியது. மறுபடி நின்றது. திறந்தார், "இருக்கு" என்றார், மூடினார். நான்காம் முறை கத்திவிட்டேன்.

"இருக்குன்னு எத்தனை தடவைய்யா சொல்லுவே?"

"நேத்துதான் பூஜை போட்ட எஞ்சின், திட்டாதீங்க சயா." எழுதப் படிக்கத் தெரிந்த எவரையும் அவர் பர்மியரைப்போல் சயா என்றே அழைப்பார்.

அப்போதுதான் மூடியைக் கவனித்தேன். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, அதன்மேல் குங்குமம். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்றுப் புக வேண்டிய ஊசித்துளை அதனடியில் இருந்தது. மூடியைத் திறந்தால்தான் காற்று புகுந்தது.

"அதைச் சுரண்டு."

"சாமிக்கு வச்சதை நானா? நீங்க வேதக்காரர்தானே, சர்ச்சுக்குப் போறவர், நீங்களே சுரண்டுங்க. உங்களுக்குப் பாவம் ஒட்டாது."

பேனா முனையால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே சம்பான் கப்பலிலிருந்து திரும்பி எங்களைக் கடந்தது. போட்டிக்காரர் மடியில் கட்டு.

"என்னண்ணே, மோட்டார்ல காத்து வாங்க வந்தீங்களா?"

அதன்பின் எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை. நான் கட்டோடு அலுவலகம் சேர்ந்தேன்; ஆனால் மாலையில் எங்களுடையது அச்சேறும் முன்பே அவர்கள் பத்திரிகை தெருவில் விற்றுக்கொண்டிருந்தது. முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூடி, துளை, காற்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பூஜைச் சந்தனத்தையா ஓய் சுரண்டினீர்?" என்றார்.