அக்கா வண்டியில் ஏற்றிவிட்ட நடுவர்கள்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோதே அக்காவின் மகள் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். "மாமா, சோகமா எழுதாதீங்க ப்ளீஸ். அம்மாவுக்கே போர் அடிக்கும். ஷீல்டு வாங்கின கதைய எழுதுங்க." டெல்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் எழுதியதை நானே அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கதையைச் சொல்லத்தான் ஆசை. இப்போது நினைத்தாலும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

அக்கா பிறந்தது கோவில்பட்டியில். எங்கள் தந்தையார் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அத்தானைக் கைப்பிடித்து அக்கா டெல்லிக்கு வந்தார். ஊரை நினைத்து ஏங்குகிற வழக்கமே அவரிடம் கிடையாது. வந்த கொஞ்ச நாளிலேயே காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசினார் என்று அத்தான் பெருமையாகச் சொல்வார். அந்த இந்தி கடைசி வரை அப்படியேதான் இருந்தது. அதில் ஆண்பாலும் கிடையாது, பெண்பாலும் கிடையாது. ஆனால் பேரத்தில் மட்டும் ஒருநாளும் தோற்றதில்லை.

பிள்ளைகள் இருவரும் சிறியவர்களாக இருந்தபோதே அத்தான் மாரடைப்பில் காலமானார். இறப்பு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, உறவுக்காரர்கள் காபியும் சாப்பாடும் கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம். உறவுக்காரர்களான நாங்களோ ரயிலில் இருந்தோம். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள், இரவு பகலாக அக்காவுடன் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அக்காவும் வாய் திறந்து கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அக்கா பிறகு ஒருநாளும் பேசியதில்லை.

அத்தானின் அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை தர முன்வந்தார்கள். "உக்காந்து எழுதுத சோலி எனக்கு ஆகாதுலே" என்று மறுத்துவிட்டு, மயூர் விஹாரில் ஒரு சின்ன வீட்டில் கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். துணைக்கு வந்த நான் திரும்பிப் போகவே இல்லை. மாவுப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குளிரிலும் வெயிலிலும் வீடு வீடாக அலைந்தோம். அக்காவின் மாவு ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகள் வரை போனது. பிறகு எங்கள் மார்க்கெட்டிலேயே ஒரு கடை, அதை ஒட்டி ஒரு மெஸ், அப்புறம் நொய்டாவில் இன்னொரு கிளை. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நிற்பார்கள். மார்க்கெட் முழுவதற்கும் அவர் 'அக்கா ஜி'தான். கொத்தமல்லி விற்கிறவரும் அக்கா ஜி என்பார், பேங்க் மேனேஜரும் அக்கா ஜி என்பார்.

மெஸ் தொடங்கிய நாளிலேயே அக்கா ஒரு விதி வைத்தார். பேட்டையில் எந்த வீட்டில் இறப்பு என்று போன் வந்தாலும் முதல் அடுப்பு அந்த வீட்டுக்கு. அதில் என்ன கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கிவிட வேண்டும். தமிழ் வீடு என்றால் இட்லி, தயிர் சாதம், காபி. ரொட்டி சாப்பிடுகிற வீடு என்றால் ரொட்டி, பருப்பு, டீ. பில் கிடையாது. பிறகு யாராவது பணத்தை நீட்டினால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

இப்போது கேடயத்துக்கு வருகிறேன். எங்கள் மார்க்கெட் வியாபாரிகள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கும். வியாபாரமும் வளர்ந்திருக்க வேண்டும், பேட்டைக்கும் ஏதாவது நல்லது செய்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு அதை வாங்கியவர் எங்களுக்கு நேர் எதிரே மிட்டாய்க்கடை வைத்திருக்கும் கன்னா ஜி. வாங்கிய கேடயத்தை எங்கள் கல்லாவிலிருந்து பார்த்தால் கண்ணில் அடிக்கிற இடமாகப் பார்த்து மாட்டிவிட்டார். அக்கா தினமும் காலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார், அடுத்து அந்தக் கேடயத்தைப் பார்ப்பார்.

இருவருக்கும் எந்நேரமும் சண்டைதான். சாம்பாரில் கொஞ்சம் சீனி போடுங்கள் என்று கன்னா ஜி வம்புக்கு இழுப்பார். "இந்த ஆளு கை பட்டா உப்புமாவும் அல்வா ஆயிரும்" என்று அக்கா என்னிடம் சொல்வார். அது புரியாவிட்டாலும் கன்னா ஜி விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்தக் கேடயம் தனக்கு வேண்டும் என்பதை அக்கா யாரிடமும் மறைத்ததில்லை. "எனக்கு வேணும்லே. அவ்வளவுதான்" என்பார். அந்த ஆண்டு விண்ணப்பம் கொடுத்தபோது, சாவு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்றேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"அடுத்த வீட்டுச் சாவ வச்சு நான் ஷீல்டு வாங்கணுமாலே? அது ஒண்ணும் எழுத வேண்டாம். கோடைல தண்ணிப் பந்தல் வைக்கோம்லா, அத எழுது."

"யக்கா, தண்ணிப் பந்தல் எல்லாக் கடையும்தான் வைக்கி."

"நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு எழுது."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். நடுவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். அன்று முதல் கடையில் ஒரே பரபரப்பு. ஊழியர்களுக்குப் புதுத் தொப்பி, சுவருக்குப் புது வர்ணம். மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கு நெய் ரோஸ்ட் கொடுத்து, அவர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது.

ஒருநாள் காலை, எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான சுந்தரம் சார் தவறிவிட்டார் என்று அவருடைய மகன் போன் செய்தார். அப்பாவோடு அலுவலகத்தில் வேலை பார்த்த மூன்று பேர் வருகிறார்கள், அவர்களுக்கு வீடு தெரியாது, உங்கள் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், சாப்பாட்டு வண்டியிலேயே கூட்டிவந்துவிடுங்கள் என்றார். முதல் அடுப்பில் இருந்த சாம்பார் இறங்கியது, பால் ஏறியது. வண்டி புறப்படுகிற நேரத்தில் வெள்ளை உடையில், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு ஆண்கள், ஒரு அம்மையார். அக்கா ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"ஆயியே ஜி, ஆயியே. ஜல்தி. காடி மே பைட்டோ."

வாங்க, சீக்கிரம் வண்டியில் உட்காருங்கள் என்று அவசரப்படுத்தியபோது ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பாத் மே, பாத் மே", அப்புறம் பேசலாம் என்று அக்கா அவரை அடக்கிவிட்டார். துக்கத்தில் இருக்கிறவர்களைப் பேச வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த அம்மையாரின் கையில் எவர்சில்வர் காபி டிரம்மைக் கொடுத்து, சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூவரையும் வண்டியில் ஏற்றி, தானும் முன்னால் ஏறிக்கொண்டு போய்விட்டார்.

வண்டி திருப்பத்தில் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மூன்று பெரியவர்கள், "சுந்தரம் வீட்டுக்குப் போகணும், நாங்க அவரோட ஆபீஸ்" என்றார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் வண்டியில் போனது யார்? அதற்குள் எதிர்க்கடையிலிருந்து கன்னா ஜி, வேட்டி கட்டியவர் ஓடுவதுபோல, பைஜாமாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அரே பாய், ஜட்ஜ் லோக் கஹான் கயே?"

நடுவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். வண்டியில் போனது போன ஆண்டு தன் கடைக்கு வந்த அதே நடுவர்கள்தான் என்று அவர் எதிரிலிருந்தே அடையாளம் கண்டிருக்கிறார். அக்கா போனை எடுக்கவில்லை. அந்த மூன்று பெரியவர்களோடு அதே ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன்.

சுந்தரம் சார் வீட்டில் நான் பார்த்த காட்சியை என்னவென்று சொல்வது! ஒரு நடுவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் இலைத் தொன்னையில் தயிர் சாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தார். அம்மையார் டிரம்மின் பக்கத்தில் நின்று காபி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா நடுவில் நின்று, அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய்க் காதில் சொன்னேன்.

"யக்கா, இவங்கதான் ஜட்ஜு."

அக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இப்ப என்னலே செய்ய? அந்த மூலைல இருக்க பெரியவருக்கு இன்னும் காப்பி போகல. மொத அது முடியட்டும்" என்றார்.

எல்லாம் முடிந்து மன்னிப்புக் கேட்டபோது நடுவர்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். "போச்சு. ஜட்ஜ காப்பி ஊத்த விட்டவளுக்கு யாரு ஷீல்டு தருவா?" என்று அக்கா கல்லாவை நகர்த்திப் போட்டு, எதிர்க்கடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். விழா நாள் வரை அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

விழா பூங்காவில் பந்தல் போட்டு நடந்தது. சாப்பாடு எங்கள் மெஸ்தான் என்பதால் அக்கா பரிமாறுகிற இடத்திலேயே நின்றுவிட்டார், மேடைப் பக்கம் வரவில்லை. அறிவிப்பாளர் கேடயத்துக்கு உரிய பெயரை மைக்கில் படித்தார். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. கடைப் பத்திரத்தில் மட்டுமே இருக்கிற அக்காவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எனக்கே ஒரு கணம் உறைக்கவில்லை. அப்போது அந்த நடுவர் அம்மையார் மைக்கை வாங்கி, "அரே, அக்கா ஜி!" என்றார். பூங்காவே அதிர்ந்தது! முதல் விசில் கன்னா ஜியுடையது. தட்டு வைத்திருந்தவர்கள் தட்டையே தட்டினார்கள். நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன்.

சாவு வீட்டில் முதலில் உண்மையைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை, பிறகு சொல்ல மனம் வரவில்லை என்று அம்மையார் மேடையில் பேசினார். அந்த வீட்டிலேயே மூவரும் முடிவு செய்துவிட்டார்களாம். அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாள் முழுக்கப் பேசுகிற அக்கா கேடயத்தை இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல வைத்துக்கொண்டு, "தன்யவாத். கானா டண்டா ஹோ ரஹா ஹை" என்றார். நன்றி, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள் கல்லா பழைய இடத்துக்குத் திரும்பியது. கன்னா ஜி கல்லாவிலிருந்து நன்றாகத் தெரிகிற சுவராகப் பார்த்து அக்கா கேடயத்தை மாட்டினார்.

பிறகு புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் ஊசி போடும்போதுகூட, இன்றைக்கு எந்த வீட்டுக்காவது முதல் அடுப்பு எரிந்ததா என்று கேட்பார். குளிர்காலத்து ஒரு காலையில், வீட்டில், பிள்ளைகள் இருவரும் அருகில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார். அக்காவைப் போல ஒருத்தர் எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை. அதை இங்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் எங்கள் நன்றி. கடையை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத ஊழியர்களுக்கும், விமானத்திலும் ரயிலிலும் ஓடிவந்த உறவினர்களுக்கும், வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு நன்றி மிச்சம் இருக்கிறது. அக்கா போன அன்று கடை மூடியிருந்தது. ஊழியர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். மெஸ்ஸின் எல்லா அடுப்பும் அணைந்திருந்தது. வந்தவர்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்க யாரும் இல்லை என்பது உச்சி வெயிலில்தான் எனக்கு உறைத்தது. என்ன செய்வது என்று வாசலுக்கு வந்தேன். கன்னா ஜியின் மிட்டாய் வண்டி வந்து நின்றது. அவர் உப்புமா அண்டாவை இறக்கினார். பின்னால் அந்த நடுவர் அம்மையார், வெள்ளை உடையில், காபி டிரம்மைச் சாயாமல் பிடித்தபடி இறங்கினார். இந்த முறை அவரை யாரும் தவறாக ஏற்றிவிடவில்லை.

காபி பாயசம் போல இனித்தது. அக்காவின் மகள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

"மாமா, அம்மா இருந்தா கன்னா அங்கிளத் திட்டித் தீர்த்திருப்பாங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டு, கன்னா ஜியிடம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.