வாசம் வராத ரோஜா ஜாம்

1. திரும்பி வந்த பாட்டில்

பிரிஞ்சாங் ஊர் ஹோட்டலிலிருந்து எங்கள் ஸ்ட்ராபெரி-ரோஜா ஜாம் சாம்பிள் பாட்டில் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. "ஸ்ட்ராபெரி இருக்கு, ரோஜா எங்க?" என்று கேட்டார்களாம். இன்னும் ஒரு பாட்டில் பார்ப்பார்கள். அதுவும் சரியில்லை என்றால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள்.

செய்தி சொன்னவர் சூசன். பக்கத்து ஊரான கியா பார்மில் வீட்டுக்குப் பின்னால் ஜாம் போட்டு விற்பவர். "அண்ணே, ஹோட்டல் எடுக்கலன்னா ஆள் வச்சு வேல பாக்க முடியாது லா" என்றார். ஆள் என்றால் நான் ஒருவன்தான்.

என்னை அவர் சேர்த்துக்கொண்டதே என் மூக்குக்காக. தேயிலை ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம், அரைத்த இலை எப்போது பதமாகிறது என்று முகர்ந்து சொன்னவன் நான். கணக்கெழுதும் கிராணி கடிகாரத்தைப் பார்ப்பார்; கடைசியில் என் பேச்சுதான் எடுபடும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இப்படி ஓர் அவமானம். வெட்கமாக இருந்தது.

2. எல்லாவற்றின் மேலும் சந்தேகம்

செய்முறையில் தப்பில்லை. இதழின் வெள்ளை அடியைக் கத்தரித்துவிடுவேன், அது கசக்கும். இதழைச் சீனியோடு கசக்கி ஊறவைத்து, பழம் கொதித்து வந்ததும் கடைசியில் சேர்ப்பேன். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழும். அதுதான் பதம். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சட்டி மணக்கும், அடுத்த சட்டி மணக்காது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சீனியை மாற்றினேன். சட்டியை மாற்றினேன். மழையைத் திட்டினேன். எலுமிச்சையைக் குறைத்தேன், ஜாம் இறுகாமல் ஓடியது. கடைசியில் சூசன் மேலேயே பாய்ந்தேன். "மூடி சரியில்லம்மா, வாசமெல்லாம் போயிடுது." பாவம், புது மூடி வாங்கி வந்தார். அதிலும் ஒன்றுமில்லை.

3. ஒரே கூடை

மூன்றாவது சாம்பிளுக்குப் பூப்பறிக்கப் போனபோது சூசனும் கூட வந்தார். திரிங்காப் ஊர்த் தோட்டங்களில் விற்கிற பூவெல்லாம் பூச்சிமருந்து அடித்தது, வாயில் வைக்க முடியாது. அதனால் சூசன் வீட்டுப் பின்புறம் நானே வளர்த்த செடிகள்தான். முதல் கைப்பிடி எங்கள் வீட்டுச் சாமிக்கு, மீதி ஜாமுக்கு. பெரிய பூ, நல்ல சிவப்பு என்று பார்த்துப் பார்த்துப் பறித்தேன்.

"அண்ணே, மோந்து பாக்க மாட்டீங்களா?"

"சாமிக்குப் போற பூவ யாராச்சும் மோந்து பாப்பாங்களாம்மா?"

"சரி. ஜாமுக்குப் போறத?"

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்று சிறுவயதில் அம்மா என் கையில் ஓர் அடி போட்டார். அதற்குப் பிறகு ஐம்பது வருடமாக நான் எந்தப் பூவையும் மூக்கருகே கொண்டுபோனதில்லை. சூசன் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. நான் சட்டியை முகர்ந்தேன், மூடியை முகர்ந்தேன், சீனியைக்கூட முகர்ந்தேன். பூவை மட்டும் விட்டுவிட்டேன்.

சூசன் பெரிய சிவப்புப் பூவை நீட்டினார். கூச்சத்தோடு முகர்ந்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. வேலியோரம் சின்ன ரோஸ் நிறப் பூ ஒன்று உண்டு. அழகில்லை என்று ஒதுக்கிவிட்டு, கூடை நிறையாத நாளில் மட்டும் பறித்துப் போடுவேன். அதை முகர்ந்ததும் வந்த வாசத்தில் கண் கலங்கிவிட்டது. மணந்த சட்டியெல்லாம் கூடை நிறையாத நாளில் போட்டவை.

அந்தச் சின்னப் பூவில் மூன்றாவது பாட்டில் போட்டோம். ஹோட்டல் எடுத்துக்கொண்டது, என் வேலை தப்பியது.

எந்த வேலைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரக்கு சரியில்லை என்றால் சட்டியைத் திட்டுவதற்கு முன், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு உங்கள் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் செய்யாமல் விடுவது நம் கண்ணுக்குத் தெரியாது.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "அப்போ இத்தன நாளா சாமிக்கு வாசமில்லாத பூவத்தான் கொண்டாந்தீங்களா?"

மறுநாள் காலை கூடையோடு வேலியோரம் போய் நின்றேன். சாமிக்கு முதல் கைப்பிடி எந்தச் செடியில் பறிப்பது? சின்னப் பூ ஹோட்டல் ஜாமுக்கே போதவில்லை.