முகட்டில் ஒட்டிய மஞ்சள் துண்டு

இந்த நாட்டில் பேக்கரிப் பாணுக்கு வயது போகிற நேரம் சாயங்காலம். எங்கள் தெருமுனையில் இருக்கும் மலிவுக் கடையில் அந்த நேரம் ஒரு தடித்த மனிதர் இடுப்பில் சின்ன மெஷின் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். பாண், தயிர், வாடத் தொடங்கிய கீரை என்று அன்றோடு நாள் முடிகிற சாமான்களைத் தூக்கிப் பார்த்து, விலையைக் குறைத்து, ஒரு மஞ்சள் துண்டை ஒட்டுவார். வெள்ளைக்காரர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். ஆனால் நிற்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஜேம் போத்தலின் பின்பக்கத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவரைப் போல வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு கிழவி முட்டைப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். மஞ்சள் துண்டு ஒட்டுப்பட்டதும் நாலு பக்கமிருந்தும் கைகள் நீளும். “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பறிப்பார்கள். கல்முனைச் சந்தையில் மீன் பெட்டி இறங்கும்போது நாங்கள் முண்டுவோம், கத்துவோம், மீன்காரரின் பரம்பரையையே இழுத்துப் பேசுவோம். இங்கேயும் அதே முண்டல்தான், வாயை மூடிக்கொண்டு. வந்த புதிதில் எனக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இப்போது அந்தக் கூட்டத்தில் முதலாவது கை என்னுடையது.

நான் பட்டினி கிடக்கிறேன் என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். என் கணவர் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு பரிமாறுகிறேன். இரண்டு சம்பளத்துக்கு, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற நல்ல கடைகளிலும் நாங்கள் சாமான் வாங்கலாம். வாங்காததற்குக் காரணம் என் மாமி, வாப்பாவின் அக்கா. இத்தனை வருடமாக நான் மிச்சம் பிடித்த ஒவ்வொரு சல்லியும் அவருடைய ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்வதற்காகத்தான் சேர்ந்தது.

எங்கள் கல்முனைக் கரையில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமாருக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். என்னை மாமியின் மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் வாப்பா எனக்கு வீடு கட்டத் தொடங்கினார். மாவடிப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. இரண்டு போகம் நன்றாக விளைந்தது, சுவர்கள் எழும்பின. மூன்றாவது போகத்தை அறக்கொட்டியான் பூச்சி எரித்துவிட்டது. வீடு முகடு இல்லாமல், மேலே கூரை போடாமல் நின்றது. அடுத்த போகத்தோடு முடித்துவிடலாம் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். நடு அறையில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன்.

“முகடு இல்லாத வீட்டுக்கு எண்ட மகன் என்னெண்டு வாற? குடை பிடிச்சிட்டுப் படுக்கிறதா?” என்றார்.

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு சிரித்தாள். வாப்பா முற்றத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த மாதமே மாமி தன் மகனுக்கு வேறு இடத்தில், மாபிள் பதித்த வீட்டில் பெண் எடுத்தார். ‘முகடில்லாதவள்’ என்று எனக்கு ஊரில் ஒரு பெயரும் விழுந்தது. பிறகு அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்து என்னைக் கேட்டார். தாய் தகப்பன் இல்லாதவர், வீடு கேட்க அவருக்கு ஆட்கள் இல்லை. “நான் எப்பிடியும் திரும்பிப் போறவன், எனக்கு என்னத்துக்கு வீடு?” என்றார். அவரோடு வந்துவிட்டேன். விமானத்தில் ஏறும்போது எல்லாரும் அழுவார்கள். நான் அழவில்லை. எனக்கு நெஞ்செல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

இனி என் கடையைப் பற்றிச் சொல்கிறேன், புதிதாக வந்தவர்களுக்கு உதவும். மலிவுக் கடையில் விலையை வாசிப்பதற்கு முன் சின்ன எழுத்தை வாசிக்க வேண்டும். பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு, தயிரில் ஜெலற்றின் என்று எங்கேயும் ஒளிந்திருக்கும். தக்காளிச் சாறில் ஊறிய சாளை மீன் டின் எடுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டினால் ஊர் டின் மீன் தோற்றுப்போகும். கொண்டைக்கடலை டின் அதைவிட மலிவு. நோன்பு காலத்தில் பெரிய அரிசிச் சாக்கும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து குவிப்பார்கள், அப்போது வாங்காதீர்கள். பெருநாள் முடிந்த மறுநாள் போங்கள். அதே பேரீச்சம்பழம் பாதி விலைக்கு அநாதையாகக் கிடக்கும். நான் அடுத்த நோன்புக்கும் சேர்த்து வாங்கிவிடுவேன். மஞ்சள் துண்டு ஒட்டிய பாணை வெட்டி ஐஸ் பெட்டியில் போட்டால் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கும் காணும். தேங்காய் மட்டும் கவனம். ஒரு முறை உடைத்துப் பார்த்தேன், உள்ளே அழுகல். இரண்டு பாதியையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காசைத் திருப்பிக் கேட்டேன். கடைப் பொறுப்பாளர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், “இது இப்படித்தானே மணக்கும்?” என்றார். தேங்காய் எப்படி மணக்க வேண்டும் என்று கல்முனைக்காரிக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். பின்னால் வரிசை நீளும்வரை நான் அசையவில்லை. காசு கைக்கு வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஆனால் அந்தக் கடையில் என் கண் எப்போதும் நடு வரிசையில்தான். இரண்டு பக்கமும் சாப்பாடு இருக்க, நடுவில் ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு சாமான் வந்து குவியும். ஒரு கிழமை கூடாரம், ஒரு கிழமை சப்பாத்து, ஒரு கிழமை தண்ணீர்க் குழாய். கதவுப் பிடி, பூட்டு, லைட், குளிக்கிற ஷவர், கண்ணாடி, பிணைச்சல் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் ஒருநாள் அங்கே வந்து சேரும். விற்காமல் தேங்கினால் மஞ்சள் துண்டு ஒட்டுப்படும். அதுவரை காத்திருப்பேன். பாணில் மிச்சம் பிடித்த காசு வாப்பாவின் கைக்குப் போய் அந்த முகடில்லாத வீட்டுக்குச் சீமெந்தும் கம்பியும் ஆனது. நடு வரிசையில் பிடித்த சாமான்கள் பெட்டியில் ஏறிக் கப்பலில் கல்முனைக்குப் போயின. மற்றவர்கள் பெட்டியில் சொக்லேட்டும் சவர்க்காரமும் அனுப்புவார்கள். என் பெட்டியைத் தூக்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

காசு வாங்கும் இடத்தில் ஷரன் என்று ஒரு பெண் இருக்கிறாள். நல்ல மனசுக்காரி. ஒரு நாள் என் தள்ளுவண்டியில் மூன்று குழாயையும் இரண்டு ஷவரையும் பார்த்து, குளியலறையைத் திருத்துகிறாயா என்று கேட்டாள். இல்லை, ஊரில் வீடு கட்டுகிறேன், கடல் பக்கத்தில் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “விடுமுறை வீடு! கடற்கரையில்! கொடுத்து வைத்தவள் நீ” என்றாள். பின்னால் நின்றவரிடமும் சொன்னாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஒருவரின் வாயை அடைப்பதற்காகக் கட்டும் வீட்டுக்கு இங்கிலீசில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறைக் குழாய் வந்த நாள் முதல் ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். கூரையின் ஒரு மூலையில் ஈரம் பரவிக் கறுத்திருக்கிறது. “ஊருக்குப் போற குழாயில ஒண்ட இஞ்ச பூட்டினா என்ன?” என்று என் கணவர் கேட்பார். மாட்டேன் என்பேன். “நமக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ளயள். நாளைக்கு அவனுகள் பொண்டாட்டிர வீட்டுக்குப் போறவனுகள். நீ ஆருக்குக் கட்டுறாய்?” என்பார். நான் வாளித் தண்ணீரை ஊற்றப் போய்விடுவேன். மகள் உள்ளவர்கள்தான் எங்கள் ஊரில் வீட்டுக்காக உயிரை விடுவார்கள். மகளே இல்லாமல் இந்தப் பாடுபட்டவள் நான் ஒருத்திதான்.

போன வருடம் முகடு போட்டார்கள். மேலே கொங்கிரீட் பிளேட் போட்டு இரண்டாம் மாடிக்கும் இடம் விட்டாயிற்று. குழாய், ஷவர், லைட் எல்லாம் பூட்டி, எனக்கென்று ஒரு கட்டிலும் போட்டாயிற்று. நான் மனதுக்குள் அந்த நாளை எத்தனையோ தரம் நடத்திப் பார்த்துவிட்டேன். லீவு எடுத்துப் போவேன். மவ்லூது ஓதுவோம், தேங்காய்ப் பால் விட்டுப் பாச்சோறு ஆக்குவோம். மாமிக்கு முதல் அழைப்பு. நடு அறையில் அதே இடத்தில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, “அண்ணாந்து பாருங்க மாமி” என்று சொல்வேன். அவ்வளவும்தான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

டிக்கெட் போடுவதற்கு முன் உம்மா போனில் கோல் எடுத்தார். குரலே சரியில்லை.

“மகள், கோவிக்காத. மாமி உண்ட வீட்டில இரிக்கா.”

“வீடு பார்க்க வந்தாவா?”

“இல்ல. குடியிருக்கா. உண்ட வாப்பா கூட்டித்து வந்து வெச்சிட்டார். நான் என்னத்தச் செய்ய?”

நடந்தது இதுதான். மாமி தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே ஓர் அறையில் இருந்தார். மருமகன் மனைவியைச் சம்மதிக்க வைத்து வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். மகனோ மனைவியின் வீட்டில் இருக்கிறவர், அங்கே தாயைக் கூட்டிக்கொண்டுபோக வழியில்லை. அக்கா தெருவில் நிற்கிறாள் என்று வாப்பா என் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு முற்றத்தில் வாய் திறக்காமல் நின்ற அதே வாப்பா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாப்பாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. மாமியை வெளியே போகச் சொல்லும்படி உம்மாவிடம் சொன்னேன். “வயசான பொம்புளய நான் எப்பிடிச் சொல்லுற?” என்று உம்மா அழுதார். சரி, நானே சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. மாமி என் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. குரல் வற்றவில்லை.

“மாஷா அல்லாஹ், உண்ட ஷவர்ல தண்ணி மழை மாதிரிக் கொட்டுது மகள்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மாமி, அண்டைக்கு நீங்க குடை எண்டு சொன்னது ஞாபகம் இரிக்கா?” என்றேன்.

மறந்துவிட்டேன் என்பார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் நான் ஆயத்தமாக இருந்தேன்.

“ஏன் இல்லாம? ஓம், சொன்னன். அண்டைக்கு முகடு இல்லதானே? நான் அப்பிடிச் சொல்லாட்டி நீ இப்பிடி ஒரு வீடு கட்டியிருப்பியா?”

என் வீட்டுக்கு என் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு பங்கு கேட்டார். வாயை அடைக்கவென்று நான் கட்டிய வீட்டில் இருந்தபடியே அவர் அடுத்த கதையைத் தொடங்கிவிட்டார்.

“நான் ஒண்டு யோசிச்சன் மகள். எண்ட மகன்ட ரெண்டாவது புள்ள கெம்பஸ்ல படிக்காள், கெட்டிக்காரி. உண்ட மூத்தவனுக்குக் கேப்பமா? பழசெல்லாம் சரியாப் போயிரும்.”

என் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் போனையே பார்த்தேன். என்னை வேண்டாம் என்றவர் என் மகனைக் கேட்கிறார். இப்போது மாப்பிள்ளையின் தாய் நான். எங்கள் ஊர் வழக்கப்படி கேள்வி கேட்கும் இடம் என்னுடையது. அந்தப் பெண்ணின் தாய்வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது என்று உம்மா முன்பே சொல்லியிருந்தார். இரண்டாவதுக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. கூடவே இன்னொன்றும் விளங்கியது. மாமியின் கண் என் மகனில் மட்டும் இல்லை, என் வீட்டிலும் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தேன்.

“உங்கட பேத்திக்கு வீடு கட்டியாச்சா மாமி? முகடு போட்டாச்சா? இல்லாட்டி எண்ட மகன் குடை பிடிச்சிட்டா படுக்கிற?”

மாமி கண்ணைக் கீழே போட்டார். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் எனக்குச் சுகமாக இருந்தது. ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டதுபோல வயிறு வரைக்கும் சுகம்.

பிறகு அவர் தலையைத் தூக்கினார். “முகடுதானே கேக்காய்? இந்தா பாரு” என்று போனை மேலே திருப்பினார்.

என் முகடு. கீழே படுத்திருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை பூசி, ஒரு வெடிப்பும் இல்லாமல் அகலமாகக் கிடந்தது. நடுவில் நான் அனுப்பிய வட்ட லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் துண்டு அப்படியே ஒட்டியிருந்தது. லைட்டைப் பூட்டிய ஆள் அதைக் கழற்றவில்லை.

“அந்த மஞ்சள் துண்டு என்னெண்டு வெளங்கல்ல மகள்” என்று மாமியின் குரல் மட்டும் கேட்டது. “படுத்தா அதுதான் கண்ணில படுது. என்னமோ இங்கிலீசில எழுதிக் கிடக்கு. கழட்டுவம் எண்டா எட்டல்ல. ஆரையும் கூப்பிட்டுக் கழட்டவா?”

விலை குறைக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதையும் சொல்லவில்லை.

“வேணாம் மாமி” என்றேன். “அதில ஒருத்தரும் கை வைக்கப்படா. நான் வந்துதான் கழட்டுவன்.”

“எப்ப வாறாய்?” என்று மாமி கேட்டார்.

போன் இன்னும் முகட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நான் ஒரு நாளும் படுத்ததில்லை. எனக்குப் பின்னால், குளியலறையில், வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.