குறை தேடிய மத்தியானம்

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கையில்தான். முதலியார்பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தம்பி பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

"ஒரு ஆளப் போட்டுக்கோக்கா. நீ இப்படியே போனா படுத்துடுவ."

"யாரும் சரிப்பட்டு வர மாட்டாங்கடா," என்பேன்.

அவன் கெஞ்சியதால் ஒரு ஆளைப் போட்டேன். எந்நேரமும் போனில் பேசுகிறாள் என்று நிறுத்தினேன். அடுத்து வந்தவளைச் சுத்தம் போதாது என்று அனுப்பினேன். ஒவ்வொன்றையும் தம்பியிடம் போனில் சொன்னேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. அது திருப்தி என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தவள் பிள்ளைச்சாவடிக்காரி. நாற்பது வயதிருக்கும். காலையில் பஸ் பிடித்து வந்து, பொழுது சாயும்போது போவாள். அதிகம் பேச மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மருந்து வாங்கப் போன நான், கடை மூடியிருந்ததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே கேழ்வரகுக் கஞ்சி ஊட்டுகிறாள், அம்மா வாங்கிக்கொள்கிறாள். நான் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் போகாத கஞ்சி.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நேராக அடுப்படிக்குப் போய்க் கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தேன். அடிப்பிடிக்கவில்லை. அறைக்கு வந்து அம்மாவைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. பவுடர் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"இவ்ளோ பவுடர் போடாத. திட்டுத் திட்டா நிக்குது பாரு."

"சரிக்கா," என்றாள் அவள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில நீதான நல்லா போடச் சொன்ன?"

ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன்.

அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வலித்தது. அம்மாவின் நல்லதுக்குத்தானே பார்க்கிறோம் என்று முதலில் மனசு சொன்னது. அதை நானே நம்பவில்லை. வாசலில் அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே எனக்குக் குறை ஒன்று தேவைப்பட்டது. அதற்கப்புறம்தான் தேடவே ஆரம்பித்தேன். வேறொருத்தியால் இதைச் செய்ய முடியுமென்றால் இத்தனை நாள் தூக்கம் கெட்டு நான் கிடந்தது எதற்கு? அதுதான் பயம். அதோடு தம்பி விஷயமும் இருந்தது. போனை எடுக்கும்போதே என் குரல் தானாகத் தொய்ந்துவிடும். அசதி பொய்யில்லை. ஆனால் அவன் காதில் விழட்டும் என்று அதை எடுத்து வைத்ததும் நான்தான். அவன் குற்ற உணர்ச்சியோடு இருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு அவன் கேட்டான். "புது ஆள் எப்படிக்கா?"

'பரவால்ல, ஆனா நான் கூடவே நிக்க வேண்டியிருக்கு.' இந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது.

"நல்லா பாத்துக்கறாங்கடா. என்னவிட நல்லா. அம்மா சாப்பிடறாங்க, சிரிக்கறாங்க."

"அப்போ நீ போய்ப் படுத்துத் தூங்குக்கா," என்றான்.

மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இவ்வளவு உண்மையைச் சொன்னேனே, ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவன்மேல் வருத்தம் வந்தது. அதையும் கவனித்தபோது சலிப்பாக இருந்தது. மனசின் ஒரு கள்ளத்தைப் பிடித்தால் அதற்கடியில் இன்னொன்று இருக்கிறது.

அவள் இப்போதும் வருகிறாள். மத்தியானத்தில் நான் பக்கத்து அறையில் படுத்துக்கொள்கிறேன். அவர்கள் பேசுவது சுவர் வழியாகக் கேட்கும். காது என்னையறியாமல் ஏதாவது தப்பு நடக்கிறதா என்று துழாவும். துழாவுகிறது என்று தெரிகிறது, நிறுத்தத்தான் தெரியவில்லை. சில நாள் அப்படிக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.