தூசி என்று துடைத்த புள்ளி

எபநேசர் அண்ணாச்சியின் ஃபிளெக்ஸ் கடை, கோவில்பட்டியில் என் ஃபேன்ஸி ஸ்டோருக்கு அடுத்த கடை. கல்யாணமோ காதுகுத்தோ, அவர் கைக்குப் போன எந்த முகமும் மரு, தழும்போடு திரும்பியதில்லை. மாமனாரைக்கூட மாப்பிள்ளை ஆக்கிவிடுவார். என் கடைப் பொட்டு அட்டைகளைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்கள் சபையில் பொட்டு வைக்க மாட்டார்கள்.

ஒரே மகள் ஜெபிஷா. அவர் நர்சிங் படி என்றார், அவள் வானத்தைப் படிக்கப் புனே போனாள். நாலு வருஷமாக, அவள் ஊருக்கு வந்தால் "சாப்பிட்டியா" என்பதோடு சரி. என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளை அதற்கே ஏங்கிப்போனாள். எனக்கு அந்த மனுஷர் மேல் ஆத்திரமாக வரும்.

போன மாதம் ஜெபிஷா எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். பிரபஞ்சம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே உண்டான ஒரு விண்மீன் கூட்டத்தை அவர்கள் குழு கண்டுபிடித்திருக்கிறதாம். அதன் வெளிச்சம் வருகிற வழியிலேயே நீண்டு நீண்டு அகச்சிவப்பாகிவிட்டதாம். நம் கண்ணுக்குத் தெரியாது, விண்வெளியில் இருக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்குத்தான் தெரியுமாம். படத்தில் நமக்காக அதற்கு ஒரு நிறம் கொடுத்துக் காட்டுவார்களாம். அண்ணாச்சியிடம் காட்டினேன். "எனக்கும் அனுப்பு" என்றார், அவ்வளவுதான்.

ஜெபிஷா ஊருக்கு வந்த அன்று கடை வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது. 'எங்கள் ஜெபிஷாவின் கண்டுபிடிப்பு.' கீழே அந்தப் படம், நடுவில் பளபளவென்று ஒரு வெளிச்சச் சுழல். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவள் நெருங்கிப் போய்ப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அப்பா, இந்த ஓரத்துல மங்கலா ஒரு செவப்புப் புள்ளி இருந்துச்சே?"

"அதுவா? தூசின்னு தொடச்சிட்டேன்ட்டி."

"நாங்க கண்டுபிடிச்சதே அதுதாம்ப்பா. நடுவுல இருக்கது எல்லாருக்கும் தெரிஞ்சது."

அண்ணாச்சி ஃபிளெக்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, பொட்டு அட்டை ஒண்ணு குடு. செவப்பு. இருக்கதுலயே சின்னது."

நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏணியில் ஏறினார். கீழே ஜெபிஷா ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே, இன்னும் வலது பக்கம் என்று இடம் காட்டினாள். பொட்டை ஒட்டிவிட்டு அவர் இறங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனூண்டு. இத எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

ஜெபிஷா ஏணியை விடாமல் அழுதாள்.