வராண்டாவில் இரண்டு மணி நேரம்

அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடம் ரத்தம் எடுத்தவள். குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடுகிற கை. ஆனால் அந்தப் பதினோரு வருடத்தில் அவளுடைய நாற்காலி ஓர் அங்குலம் நகரவில்லை. மேலே போக வேண்டுமென்றால் நிர்வாகம் படித்தாக வேண்டும் என்று புரிந்து, முப்பத்து நான்காவது வயதில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கு விண்ணப்பித்தாள்.

நேர்முகத் தேர்வில் எதிரே மூன்று பேர். கணக்கும் ஆங்கிலமும் சுமாராகத்தான் போயின. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர், "ஏம்மா, இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இந்தப் படிப்பு?" என்று கேட்டார். வேலையில் உயர்வே இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ, ஆஸ்பத்திரி வராண்டாவுல ரெண்டு மணி நேரம் ஸ்ட்ரெச்சர்ல கிடந்தார் சார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. அந்த இடத்தை ஒழுங்கா நடத்த ஒருத்தர் இருந்திருந்தா, அவரோட வலது கை இன்னிக்கு வேலை செஞ்சிருக்கும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் கிடைத்துவிட்டது.

பக்கவாதம் உண்மை. கை விளங்காமல் போனதும் உண்மை. வராண்டாதான் பொய். அன்று காலை பத்து மணிக்கு அம்மா ஃபோன் செய்து, "அப்பாவுக்குப் பேச்சு குழறுது, டம்ளரைப் பிடிக்க முடியலை" என்றாள். நிலையத்தில் அப்போது பதினேழு பேர் வரிசையில் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் வெறும் வயிற்றோடு. "பித்தமா இருக்கும்மா. படுக்கச் சொல்லு, மத்தியானம் வந்து பார்க்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கல்லூரியில் அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்தது. விருந்தினர் யார் வந்தாலும், "எங்க ஊசி அக்கா கதையைக் கேளுங்க" என்று பேராசிரியர் அவளை மேடைக்கு அழைத்துவிடுவார். ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மூன்றாயிற்று. இன்னொன்றில், "சத்தம் போடாதீங்க" என்று அதட்டிய ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். புள்ளியியலில் தட்டுத்தடுமாறி ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பிள்ளைகள் மத்தியில் ஒரு மரியாதை இருந்ததென்றால் அது அந்தக் கதையால்தான். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கும். அது யாருக்காகக் கலங்கியது என்று அவள் யோசித்ததில்லை.

மூன்றாவது பருவத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு மருத்துவமனையில் களப்பணி. அவசரப் பிரிவில் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளப்பது அவளுடைய வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று முன்னொரு நாள் பேராசிரியரிடம் உளறிவைத்திருந்தாள். அவர் அதையே ஒதுக்கினார். "உங்கப்பா கிடந்த அதே இடம். நீயே போய் சரி பண்ணும்மா." வேறு இடம் கேட்க அவளுக்குக் காரணம் ஏதும் அகப்படவில்லை.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவர். கால் வீக்கத்துக்கு முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டிருந்தார். அவளை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தினார்.

"உங்க சார் ஃபோன்ல எல்லாம் சொன்னாரும்மா. ஆறு வருஷமா பகல் ஷிஃப்ட் நான்தான். அன்னிக்கும் நான்தான் இருந்திருப்பேன். உங்கப்பா முகம்கூட எனக்கு ஞாபகம் வரலை, அதான் ரொம்ப உறுத்துது. என் கண்ணு முன்னாடி ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் கிடந்திருக்காரு. மன்னிச்சிடும்மா."

"பரவாயில்லை சிஸ்டர்" என்றாள் இவள்.

பிறகு எத்தனையோ நாள் அந்த ஒரு சொல்லை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியிருக்கிறது. பொய் சொன்னதோடு நில்லாமல், பெரிய மனசோடு மன்னிக்கவும் செய்துவிட்டாள்.

நர்ஸ் பழைய பதிவேடுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கிவிட்டுப் போனார். அந்தத் தேதியைத் தேடி எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் பெயர். வந்த நேரம் 12.55. மருத்துவர் பார்த்தது 12.59. ஸ்கேன் 1.15. கடைசிக் கட்டத்தில் உருண்டையான கையெழுத்தில் ஒரு குறிப்பு: "காலை 10 மணிக்கே அறிகுறி. அழைத்து வரத் தாமதம். தகவல்: மகள்."

அழுதுகொண்டே அவளே சொன்ன தகவல். பதிவேட்டை மூடினாள். அந்த மாதத்தை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் கணக்கெடுக்க உட்கார்ந்தாள். மூன்று நாள் அப்படியே ஓட்டினாள்.

நான்காம் நாள்தான் கவனித்தாள். நர்ஸ் கால்மணிக்கு ஒரு தடவை, வீங்கிய காலோடு, வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "எதுக்கு சிஸ்டர் இப்படி அலையறீங்க, வேற ஆளை அனுப்பலாமே" என்றாள்.

"ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. இன்னொரு தடவை ஆகக் கூடாதில்லம்மா."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இதைப் பாருங்க சிஸ்டர். நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நான் சொன்னது பொய்."

நர்ஸ் விரலை வைத்து வாசித்தார். "நாலு நிமிஷமா?" என்றார். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு அதுவும் போயிற்று. "மூணு நாளா எனக்குச் சோறு இறங்கலை. நீங்க பரவாயில்லைன்னு வேற சொன்னீங்க." குரலை உயர்த்தவில்லை. "வேலையை முடிச்சிட்டு, பதிவேட்டை அலமாரியில வச்சிடுங்க மேடம்." அதற்குப் பிறகு அந்த வாயில் 'அம்மா' வரவே இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னாள். "ஐயையோ, உன் கதை கல்லூரி அறிமுகப் புத்தகத்துல அச்சாயிடுச்சேம்மா!" என்றுதான் அவருக்கு முதலில் வந்தது. பிறகு நடந்த உண்மையை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. விஷயம் தெரிந்தும் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் அவளுக்கு இரு பக்கமும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். படிப்பை முடித்தாள். இப்போது ஒரு நடுத்தர மருத்துவமனையில் உதவி மேலாளராக இருக்கிறாள். மேடையில் பேசக் கூப்பிட்டால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறாள்.

பொய்யை ஒப்புக்கொண்ட அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்ல வேண்டும். அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே காற்றாட உட்கார்ந்திருந்தார். இவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அம்மா ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி நின்றாள்.

"நான்தான் ஃபோன்ல சரியாச் சொல்லலையோன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். குழறுதுன்னு சொன்னேனா, தூக்கமா இருக்குன்னு சொன்னேனான்னே எனக்கு மறந்து போச்சு."

"நீ சரியாத்தான் சொன்னேம்மா. நான்தான் காதுல வாங்கலை."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அந்த நர்ஸம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றாள்.

பதிவேட்டை நீட்டியது ஞாபகம் இருந்தது. பொய் என்று ஒப்புக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. மன்னிப்புக் கேட்டதாக எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை போனாள். நர்ஸ் ஒரு கிழவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்று, "மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றாள். வேறு எதையும் சேர்க்கவில்லை.

நர்ஸ் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். "சரி" என்றார். வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. "அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஆள் வர்றாங்க."

அவள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.